ஒரு ராத்திரி நிற்கட்டும்

பாலிகஞ்சில், ஹிந்துஸ்தான் பார்க் பக்கத்துப் பழைய வீடு எதிலாவது சுவர் ஈரம் கோத்துக்கொண்டது என்று ஆள் வந்தால், இந்தக் குழாய் மேஸ்திரி போனதும் உளியை எடுக்க மாட்டார். நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றின் முனையைப் பைப்பின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். பௌதியிடம், அதாவது வீட்டுக்கார அம்மாவிடம், மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். சமையல்கட்டில் குக்கரும் அடங்க வேண்டும். ஓரடி தள்ளி ஒரு தடவை, அரையடி தள்ளி இன்னொரு தடவை கேட்பார். பிறகு பையிலிருந்து கரித்துண்டை எடுத்துச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் போடுவார். அந்த வட்டத்துக்குள் உடைத்தால் போதும்.

இந்தக் காதைக் கொல்கத்தா கொடுக்கவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்தில், பட்டாமுண்டாய் வட்டாரத்துக் கிராமம் ஒன்று அவருடைய ஊர். பிராமணி ஆறு கடலுக்குப் போகுமுன் கைவிரித்துக் கிளைகளாகப் பிரியும் தாழ்ந்த நிலம் அது. மழைக்காலத்தில் ஆறு கரை மட்டத்துக்கு ஏறினால் ஊர் ஆண்கள் லாந்தரோடு இரவெல்லாம் கரையில் காவல் கிடப்பார்கள். நண்டு வளை வழியாகத் தண்ணீர் கசியத் தொடங்கும் ஓசையைத் தவளைச் சத்தத்துக்கு நடுவே பிரித்துக் கேட்க வேண்டும். கேட்டவன் குரல் கொடுத்தால் மண்மூட்டையோடு நாலு பேர் ஓடி வருவார்கள். கேட்காமல் விட்டால் விடிவதற்குள் கரை உடைந்துவிடும். பத்து வயதில் அப்பாவுக்குப் பக்கத்தில் கரையில் படுத்துப் பழகிய காது அது. “பைப்பும் ஒரு கரைதான் சார். உள்ளே தண்ணி, வெளியே நாம. எங்கேயோ ஒரு நண்டு வேலை பாத்துட்டிருக்கும்” என்கிறார், வங்காளியும் இந்தியும் கொஞ்சம் தமிழும் கலந்த ஒரு பாஷையில். தமிழ் எப்படி வந்தது என்பது பின்னால் வரும்.

அறுபதை நெருங்கும் இந்த மனிதரை பாலிகஞ்சில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘கோலேர் மிஸ்திரி’, அதாவது குழாய் மேஸ்திரி. இந்த நகரத்தில் மட்டுமல்ல, டெல்லியிலோ பெங்களூரிலோ சென்னை பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்ககங்களிலோ குழாய்ப் பொருத்தும் ஆட்களைப் பிடித்து ஊர் எது என்று கேட்டால், வியக்கத்தக்க அளவுக்கு ஒரே பதில் வரும். முதலில் “ஒடிசா” என்பார்கள். விடாமல் கேட்டால் கேந்திரபாடா. இன்னும் கேட்டால் பட்டாமுண்டாய், ஆவுல், ராஜ்நகர் என்று சில மைல் சுற்றளவுக்குள் வந்து நிற்கும். சிவகாசிக்கு வெடி, திருப்பூருக்குப் பனியன் என்கிற மாதிரி அந்தச் சதுப்பு நிலத்துக்குக் குழாய். ஒரு வித்தியாசம் உண்டு. சிவகாசி சரக்கை வெளியே அனுப்புகிறது, இவர்கள் ஆட்களை அனுப்புகிறார்கள்.

ஏன் அந்த ஊர் மட்டும்? ஊரில் தலைமுறையாகச் சொல்லும் கதை இது. 1930-களில் கல்கத்தாவில் வெள்ளைக்காரர்களின் சானிட்டரி கம்பெனிகள் எடுபிடி வேலைக்கு இந்தப் பக்கத்து ஆட்களைச் சேர்த்தன. 1947-க்குப் பிறகு முஸ்லிம் மிஸ்திரிகள் பலர் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போய்விட, எடுபிடிகள் ரெஞ்சைக் கையில் எடுத்தார்கள். ஒருவன் தம்பியைக் கூட்டிவந்தான், தம்பி மச்சானைக் கூட்டிவந்தான். இன்று பட்டாமுண்டாயில் குழாய்த் தொழிலுக்கென்றே மாநில அரசின் பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

அந்த 1930-களுக்கும் வெகுகாலம் முன்பே ஒடியாக்கள் கல்கத்தாவுக்கு வந்துவிட்டார்கள். பல்லக்குத் தூக்கியவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். 1827-இல் அரசாங்கம் பல்லக்குத் தூக்கிகள் பதிவு செய்துகொள்ள வேண்டும், கையில் வில்லை கட்டிக்கொள்ள வேண்டும், நேரக் கணக்கில் கூலி வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அவர்கள் பல்லக்கை இறக்கி வைத்துவிட்டார்கள். இந்தியத் தொழிலாளர் வரலாற்றின் மிகப் பழைய வேலைநிறுத்தங்களில் ஒன்றாக அது பேசப்படுகிறது. சமையலறையில் ‘டாகுர்’, தோட்டத்தில் மாலி, குழாயில் மிஸ்திரி என்று பல்லக்குக்குப் பிறகும் இந்த நகரத்தின் உடம்பு நோகும் வேலைகளில் பல அவர்கள் தோளில்தான் இருந்தன. அதற்குக் கிடைத்த மரியாதை, ஒடியாக்காரர்களைக் குறிக்க வங்காளத்தில் புழங்கிய ‘உடே’ என்ற இளக்காரச் சொல். 1983-இல் அவர் இங்கே வந்தபோது அந்தச் சொல்லைக் காதாரக் கேட்டிருக்கிறார். இப்போது யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. மொழிவழி மாநிலம் என்றால் நமக்கு 1952-இல் சென்னையில் உண்ணாவிரதமிருந்து உயிர்விட்ட பொட்டி ஸ்ரீராமுலுதான் நினைவுக்கு வருவார். அதற்குப் பதினாறு ஆண்டு முன்பே, 1936 ஏப்ரல் 1-இல், மொழியை வைத்துத் தனி மாகாணமாகி விட்டது ஒடிசா. அந்தத் தேதியில் அவர்களுடைய ‘பாஸா’வில் மதுபாபு என்கிற மதுசூதன் தாஸின் படத்துக்கு மாலை விழும். பாஸா என்பது ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து தங்கும் அறை. பாலிகஞ்ச் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம், கஸ்பாவில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. இளக்காரச் சொல்லுக்குப் பதில் அந்த மாலையில் இருப்பதாக அவர் நினைக்கிறார்.

1982 செப்டம்பர் வெள்ளம் வயலில் மணலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு, பதினேழு வயதில், தாய்மாமனின் கையைப் பிடித்துக்கொண்டு பாபுகாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினார். ஒடியாவில் தாய்மாமன் ‘மாமு’. முதல் இரண்டு வருடம் கூலி என்று ஒன்றும் இல்லை. சாப்பாடு, படுக்கை, வேட்டி, வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் பஸ் காசு. வேலை, மாமுவின் சாமான் பையைச் சுமப்பது.

பாலிகஞ்ச் அப்போது பெரும்பாலும் இரண்டு மாடி வீடுகளின் ஊர். 1912-இல் அமைந்த கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் ராஷ்பிஹாரி அவென்யூவை வெட்டி, ஏரியைத் தோண்டி, மனை பிரித்த பிறகு எழும்பிய வீடுகள். சிவப்பு சிமென்ட் தரை, பச்சைப் பலகை ஜன்னல், பின்பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறும் வார்ப்பிரும்புக் கழிவுக் குழாய். அந்தக் குழாய்களை ஒட்ட அப்போது பசை கிடையாது. இணைப்பில் சணல் கயிற்றை இடித்து அடைத்து, மேலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்ற வேண்டும். உதவியாளனின் முதல் பாடம், இணைப்பைத் துணியால் துடைத்து எலும்பு மாதிரி உலர்த்துவது. ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் வெடித்து முகத்துக்கு வரும். அவருடைய இடது முன்கையில் கொய்யா இலை அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. அது முதல் பாடத்தைப் பாதி கேட்டதற்கு.

அந்தக் குழாயில் இறங்குவது எங்கே போகிறது என்பதையும் மாமு காட்டிக்கொடுத்தார். பாலிகஞ்ச் கழிவுநீரேற்று நிலையம், அங்கிருந்து கால்வாய், கிழக்கே சதுப்பு நிலத்தின் மீன்பண்ணைகள். 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அந்தப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஹெக்டேர் ஈரநிலத்தில், நகரத்தின் கழிவுநீரைத் தின்று ரோகுவும் கட்லாவும் வளர்ந்து கரியாஹாட் மார்க்கெட்டுக்கே திரும்பி வருகின்றன. மீன் வாங்கப் போகும் பௌதிகளிடம் இதை அவர் சொல்வதில்லை. சொன்னாலும் வங்காளிகள் மீனை விடப் போவதில்லை.

சுத்தத் தண்ணீர் வரும் பக்கம் இன்னும் நுணுக்கம். தெருவின் பெரிய குழாயிலிருந்து வீட்டுக் குழாய் பிரியும் இடத்தில் ‘ஃபெரூல்’ என்ற சிறு பித்தளை உறுப்பு உட்கார்ந்திருக்கும். அதன் துளை எத்தனை அகலமோ அத்தனைதான் வீட்டுக்குத் தண்ணீர். துருவும் வண்டலும் அடைத்துக்கொண்டால் ஒரு கட்டை விரல் அளவு பித்தளைக்காக மூன்று மாடி வீடு தாகத்தில் கிடக்கும். “தண்ணியே வரலை” என்று வரும் அழைப்புகளில் எத்தனையோ இதில்தான் போய் முடியும். நம் ஊரில் சம்ப் என்பதை இங்கே ரிசர்வாயர் என்பார்கள். தெருத் தண்ணீர் தானாக அதற்குள் விழும். அங்கிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டார்.

இரும்புக் குழாயின் முனையில் மறை வெட்டி, மறையில் சணல் நூலைச் சுற்றி, வெள்ளை ஈயக் களிம்பைத் தடவித் திருகுவதுதான் அன்றைக்கு இணைப்பு. டெஃப்லான் டேப் வந்ததெல்லாம் பிறகு. சணல் தண்ணீர் பட்டால் ஊதும். ஊதி இடைவெளியை அடைக்கும். ஆனால் எந்தப் பக்கமாகத் திருகப் போகிறோமோ அந்தப் பக்கமாகவே நூலைச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால், இறுக்க இறுக்க நூல் பிரிந்து வெளியே தள்ளிக்கொண்டு வரும். வெளியே பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். அதனால் மாமுவிடம் ஒரு விதி இருந்தது. பூசுவதற்கு முன்பு குழாயில் தண்ணீரை நிரப்பி, வால்வுகளை மூடி, ஒரு ராத்திரி நிற்கட்டும் என்பார். காலையில் கையால் ஒவ்வோர் இணைப்பையும் தடவிப் பார்த்த பிறகே கொத்தனாரைக் கூப்பிடுவார்.

1991 ஜூனில் அவர் அந்த ராத்திரியைக் கொடுக்கவில்லை.

ஃபெர்ன் ரோட்டில் ஒரு வீட்டின் மேல்மாடிக் குளியலறை வேலை. அன்று மாமு வேறு இடத்தில். மறுநாள் ரஜ பண்டிகை தொடங்குகிறது. ஒடிசாவின் கடலோர மாவட்டங்களில் நடு ஜூனில் மூன்று நாள் கொண்டாடுவார்கள். மழைக்கு முன் பூமி பூப்பெய்துகிறாள் என்று ஐதீகம்; அந்த மூன்று நாளும் ஏர் பூட்டக் கூடாது, மண்ணைக் கிண்டக் கூடாது, பெண்கள் சமையல்கட்டை மறந்து ஊஞ்சலாட வேண்டும். புது மாப்பிள்ளையை மாமியார் வீட்டுக்கு அழைப்பதும் அப்போதுதான். கல்யாணமான பிறகு அவருக்கு அது முதல் ரஜ. பாபுகாட்டில் சாயங்காலம் பஸ். தண்ணீரை நிரப்பி ஒரு மணி நேரம் பார்த்தார், துடைத்தார், கொத்தனாரிடம் டைல்ஸை ஒட்டச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இரண்டாம் நாள் மாமியார் வீட்டில் போடபிட்டா வாழையிலையில் இறங்கியிருக்கிறது. அரிசி மாவையும் தேங்காயையும் வெல்லத்தையும் ராத்திரி முழுக்கத் தணலில் புதைத்துச் சுடும் கெட்டிப் பலகாரம் அது. பட்டாமுண்டாய் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஒரு பையன் சைக்கிளில் வந்து நின்றான். “உங்க மாமு கல்கத்தாவுக்குத் திரும்பி வரச் சொன்னார்.” காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

ஃபெர்ன் ரோட்டில் கீழ்த்தள வரவேற்பறையின் கூரைப் பூச்சு பாதி பெயர்ந்து, அலமாரிப் புத்தகங்கள் நனைந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. மாமு டைல்ஸை உடைத்து இணைப்பைத் திறந்து வைத்திருந்தார், சரி செய்யவில்லை. பிசிறாகத் தொங்கிய சணலைத் தொட்டுக் காட்டவும் இல்லை. மருமகன் தானே பார்க்கட்டும் என்று தள்ளி நின்றார். பூச்சுச் செலவையும் புத்தகங்களுக்கு வீட்டுக்காரர் கேட்ட தொகையையும் நான்கு மாதம் இருவர் கூலியிலும் பாதிப் பாதியாகப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் கத்தித் தீர்த்தபோது மாமு சொன்னது ஒன்றே ஒன்றுதான். “எங்க ஊர்ப் பையன் பாபு. நான்தான் கூட்டிட்டு வந்தேன்.”

திட்டியிருந்தால் மறந்திருப்பேன் என்கிறார். அந்த வருடக் கடைசியில் ஊருக்குப் போனபோது டீக்கடையில் ஒரு கிழவர், “ஃபெர்ன் ரோடு காஞ்சிருச்சா?” என்று விசாரித்தார். அந்தக் கிழவர் வாழ்க்கையில் கல்கத்தாவைப் பார்த்ததே இல்லை.

ஊர்ப் பெருமை பேசுகிறவர்களைச் சற்றுச் சந்தேகத்தோடு கேட்பது நல்லது. ‘எங்க மண்ணில் நேர்மை ஊறிக்கிடக்கு’ என்று சொல்லாத ஊர் எது? ஆனால் இவர் விஷயத்தில் அது மண்ணின் மகிமையைவிட ஓர் ஏற்பாடு. எந்தப் பையனும் தனியாக வருவதில்லை. ஒருவன் ஜாமீனில்தான் வருகிறான். அவன் போட்ட இணைப்பு கசிந்தால் கூட்டிவந்தவன் தலை குனிகிறான். அவன் குனிந்தால் அடுத்த வருடம் அந்தத் தெருவிலிருந்து வரும் பையனுக்கு வேலை இல்லை. கல்கத்தாவின் சுவருக்குள் மறைந்து கிடக்கும் ஒரு நூல்சுற்றுக்குப் பட்டாமுண்டாய் டீக்கடையில் கணக்குக் கேட்கிறார்கள். இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே ஜாமீன்தான் இரண்டு வருடம் கூலியில்லாமல் ஒரு பையனைச் சுமக்க வைக்கிறது. வெளி மாவட்டத்துக்காரனை அண்ட விடுவதில்லை. “முர்ஷிதாபாத் பையன்கள் கொத்து வேலைக்குச் சரி, குழாயில் கை வைக்கக் கூடாது” என்று அவர் சொல்வது வெறும் தொழில் பொறாமை. முர்ஷிதாபாத் பையன்கள் போட்ட இணைப்புகளும் பாலிகஞ்சில் ஒழுகாமல்தான் இருக்கின்றன.

ரசகுல்லா பேச்சை எடுத்தால் அவரிடம் நியாயமே எடுபடாது. வங்காளம் 2017-இல் ‘பாங்லார் ரொசொகொல்லா’வுக்குப் புவிசார் குறியீடு வாங்கியது. ஒடிசா 2019-இல் தன்னுடையதற்கு வாங்கியது. இரண்டும் வேறு வேறு பதம், வேறு வேறு பண்டம் என்பதே தீர்ப்பின் சாரம். அவருக்கோ இரண்டாவது தேதி மட்டும்தான் நினைவில் இருக்கிறது. கரியாஹாட் மிட்டாய்க் கடையில் நின்றுகொண்டு அதை உரக்கச் சொல்லும் தைரியமும் இருக்கிறது.

தமிழ், 2007-இல் வந்தது. சென்னைக்குத் தெற்கே ஓர் அடுக்ககக் கட்டுமானத்தில் பதினான்கு மாதம். கடைசி மூன்று மாதக் கூலி கைக்கு வரவில்லை. அந்த ஒப்பந்தக்காரரைப் பற்றிப் பேச இப்போதும் அவருக்கு இஷ்டமில்லை. பேச இஷ்டமுள்ளது வேறு. ஒரு காலையில் சித்தாள் ஒருத்தர் தூக்குவாளியைத் திறந்து பழைய சோற்றில் மோரை ஊற்றிச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, இது எங்க ஊர் சாப்பாடு” என்றார். “போய்யா, இது எங்க ஊர் சாப்பாடு” என்று பதில் வந்தது. மறுநாள் இவர் தன் பகாளாவைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தார். அதே நீர்ச்சோறு, தொட்டுக்கொள்ள வெங்காயத்துக்குப் பதில் உளுந்து வடகத்தைச் சுட்டு, பூண்டும் பச்சை மிளகாயும் சேர்த்து நொறுக்கிய படிசூரா. அக்கா வாங்கித் தின்று பார்த்துவிட்டு, வடகத்தை இப்படி வீணடிப்பார்களா என்று கேட்டாராம். ‘மேல் தொட்டி’, ‘நாளைக்கு’, ‘வாய்யா சாப்பிட’ எல்லாம் அந்த அக்கா கற்றுக்கொடுத்த தமிழ்.

சென்னைக்குப் போக அவரும் ஏறியது கோரமண்டல் எக்ஸ்பிரஸ்தான். 2023 ஜூன் 2 இரவு பாலேசுவரம் அருகே பஹனாகா பஜாரில் அந்த வண்டி தடம் புரண்டு 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாஸாவில் எல்லோரும் யார் யார் அந்த வண்டியில் என்று போனைக் குடைந்துகொண்டிருந்தார்கள். மீட்புப் படை வருமுன்பே பக்கத்துக் கிராமத்தார் செல்போன் வெளிச்சத்தில் பெட்டிகளுக்குள் புகுந்ததும், பாலேசுவரம் ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்க விடிய விடிய இளைஞர்கள் வரிசையில் நின்றதும் மறுநாள் செய்தி. அவர் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அந்த வரிசையின் படத்தைப் போனில் இன்னும் வைத்திருக்கிறார்.

ஆனால் மாநிலத்தைப் பற்றி அவர் நிஜமாகவே நெஞ்சு நிமிர்த்துவது புயல் கதையில்தான். 1999 அக்டோபர் 29 பெரும்புயலில் காற்று மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர். அரசுக் கணக்கிலேயே பத்தாயிரம் பேரை ஒட்டிய சாவு. அவர் பாலிகஞ்சிலிருந்து ஊர் போய்ச் சேர நான்கு நாள் ஆயிற்று, கடைசி இருபது மைல் நடை. கிணறு, குளம் எல்லாம் உப்பு. வெள்ளத்துக்குப் பயந்து ஆளுயர மேடை கட்டி அதன் மேல் வைத்திருந்த அடிபம்பு ஒன்றுதான் நல்ல தண்ணீர் கொடுத்தது. அதன் தோல் வாஷர் கிழிந்திருந்தது. செருப்புத் தோலை வெட்டி வாஷராக்கிப் போட்டு, மூன்று கிராமத்துக்கு அடித்தார்கள். அதே ஒடிசா 2013-இல் ஃபைலின் புயலுக்கு முன் கிட்டத்தட்ட பத்து லட்சம் பேரைக் கடற்கரையிலிருந்து அப்புறப்படுத்தியது. சாவு ஐம்பதுக்குள் நின்றது. “பதினாலு வருஷத்துல நாங்க படிச்சுக்கிட்டோம் சார்” என்கிறார். ‘நாங்க’ என்பதில் அரசாங்கம், வானிலை இலாகா, தன் ஊர் டீக்கடைக் கிழவர் எல்லோரும் அடக்கம்.

2020 மே 20 சாயங்காலம் ஆம்பன் கொல்கத்தாவின் மேல் ஏறியது. ஊரடங்குக் காலம். பாஸாவில் பாதிப் பேர் முன்பே ஊர் போய்விட்டார்கள். தெற்குக் கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்கள் கம்பிகளின் மேல் சாய்ந்து, சில தெருக்களில் நாலைந்து நாள் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் இல்லை. ரிசர்வாயரில் தண்ணீர் தளும்ப, ஐந்தாம் மாடியில் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் வயசாளிகள் பால்கனியில் நின்றார்கள்.

பாஸாவின் மூலையில், இடித்த பழைய வீடொன்றின் கொல்லையிலிருந்து கொண்டுவந்த அடிபம்புத் தலை துருப்பிடித்துக் கிடந்தது. தோல் வாஷர் காய்ந்து அப்பளமாகியிருந்தது. ராத்திரி முழுக்கக் கடுகெண்ணெயில் ஊறப்போட்டார். காலையில் அது மெழுகு மாதிரி வளைந்தது. எக்டாலியா பக்கம் ஓர் அடுக்ககத்தில் மோட்டாரின் உறிஞ்சுகுழாய் யூனியனைக் கழற்றி, அதில் அடிபம்பைப் பொருத்தி, மேலே ஒரு குவளை தண்ணீரை விட்டு அடித்தார். ஏழெட்டு அடிக்குப் பிறகு தண்ணீர் ஏறியது. ஆறடிக்கு ஒரு சுண்ணாம்பு வட்டம் போட்டு, வாளியோடு வரிசை. வாழ்நாளில் அடிபம்பைத் தொடாத வக்கீல் ஒருவர் முறை வைத்து அடித்தார். சாயங்காலம் பம்பைக் கழற்றிப் பக்கத்து வீட்டுக்கு. யூனியன் செலவைத் தவிரப் பணம் வாங்கவில்லை. ஒரு பௌதி கொடுத்தனுப்பிய மட்டன் குழம்பை மட்டும் மறுக்கவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள், ஒடிசாவின் பேரிடர்ப் படையான ஓட்ராஃப் ஆட்களும் தீயணைப்புக்காரர்களும் இயந்திர ரம்பங்களோடு கொல்கத்தாத் தெருக்களில் இறங்கினார்கள். விழுந்து கிடந்த கிருஷ்ணசூடா மரத்தை அறுத்துக்கொண்டிருந்தவர்களின் முதுகில் ஒடிசா என்று எழுதியிருந்தது. அவர் போய் ஒடியாவில் ஊர் விசாரித்தார். கட்டாக், புரி, ஒருவர் கேந்திரபாடா. இரண்டு பக்கமும் முகக்கவசம். பாஸாவிலிருந்து ஒரு பெரிய பாத்திரம் பகாளா வந்தது. பக்கத்தில் நின்ற வங்காளி முதியவர், “உங்க ஆளுங்கதானா மிஸ்திரி?” என்றார். முப்பத்தேழு வருடத்தில் அந்தத் தெருவில் ‘உங்க ஆளுங்க’ என்ற சொல்லை அந்தக் குரலில் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

பெருமை எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடாது என்பதும் அவருக்குத் தெரியும். புரியில் 2021 முதல் தெருக்குழாயில் பிடித்து அப்படியே குடிக்கலாம்; நாட்டிலேயே முதல் நகரம் என்று மாநிலம் அறிவித்தது. பாலிகஞ்சில் ஆர்.ஓ. மெஷின் மாட்டும்போதெல்லாம் இதைச் சொல்வார். ஆனால் இந்தியாவெங்கும் குளியலறைகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்த அவருடைய கிராமத்தில், அவர் மனைவி இருபத்தைந்து வருடம் அடிபம்பிலிருந்து குடம் சுமந்தார். வீட்டு வாசலில் அரசுக் குழாய் வந்தது சில ஆண்டுகளுக்கு முன்புதான். அதையும் வேறு யாரோ போட்டார்கள். லீவில் போனபோது கழற்றித் திரும்பப் போட்டார். கடலோரம் சதபாயா என்ற ஊர்க்கூட்டத்தைக் கடல் ஒவ்வொன்றாக விழுங்க, மிஞ்சியவர்களை அரசு பாகபாட்டியாவில் குடியமர்த்தியிருக்கிறது. அந்தப் பையன்களும் இப்போது ரெஞ்ச் பிடிக்க வருகிறார்கள். அவர்கள் ஊர் எது என்று கேட்டால் தண்ணீரைத்தான் கைகாட்ட வேண்டும்.

கடந்த ஜூனில் மாண்டவில் கார்டன்ஸில், பழைய வீட்டை இடித்து எழுப்பிய ஐந்து மாடிக் கட்டடத்தில் குழாய் வேலை முடிந்தது. இப்போது அவர் மாமு. சகோதரியின் மகன், பட்டாமுண்டாய் நிறுவனத்தில் சான்றிதழ் வாங்கியவன், சணலையோ ஈயத்தையோ தொட்டதில்லை, எல்லாம் சி.பி.வி.சி., பசை, வரைபடம் போனில். மறுநாள் ரஜ. பாபுகாட்டிலிருந்து இரண்டு சீட்டுப் போனில் பதிவாகியிருந்தது. கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் கண்ணாடியில் முள் நின்ற இடத்தில் அவர் மார்க்கர் பேனாவால் கோடு போட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து மருமகன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். “மாமு, முள் அசையவே இல்லை. பசை நேத்தே காஞ்சாச்சு. கொத்தனார்கிட்டச் சொல்லிட்டுக் கிளம்புவோமா?”

“பஸ் நாளைக்கும் இருக்கு” என்று அவர் சிமென்ட் சாக்குகளை விரிக்கத் தொடங்கினார்.

பையன் முணுமுணுத்துக்கொண்டே சீட்டை ரத்து செய்தான். பாதிக் காசுதான் திரும்பி வந்தது. ராத்திரி இரண்டு மணி இருக்கும், அவர் எழுந்து இருட்டில் நடந்துபோய், ஸ்குரூ டிரைவரைப் பைப்பில் ஊன்றிக் காதோடு வைத்தார். தூக்கக் கலக்கத்தில் மருமகன் பின்னாலேயே வந்து அழுத்தமானியின் மேல் டார்ச் அடித்தான். முள் கோட்டின் மேலேயே இருந்தது.